என் தம்பி தன் பாடத்திலேயே தோற்ற விவரம்

அன்று அந்த அறையில் இருந்தவர்கள் ஆறு பேர். பொறியியல் புல முதல்வர். கற்பவர் மையக் கல்வி மாற்றத்துறையின் இயக்குநர். அந்தத் துறைக்குக் கணினித் தளம் செய்துகொடுத்த கம்பெனியின் ஆள். நடவடிக்கைக் குறிப்பு எழுத வந்த பிரிவு எழுத்தர் அம்மாள். பாடத்தில் தோற்ற மாணவனாக என் தம்பி, வயது ஐம்பத்தொன்பது. மாணவனின் காப்பாளனாக நான், வயது எழுபத்திரண்டு. மாணவர் பிரதிநிதி என்று ஏழாவதாக ஒருவரும் வந்திருந்ததாகக் குறிப்பேட்டில் பதிவாகியிருக்கிறது. அவரைப் பற்றி உரிய இடத்தில் சொல்கிறேன்.

இதை எழுத எனக்கு விருப்பமில்லை. எங்கள் வீட்டுப் பேச்சு வாசற்படி தாண்டிப் பழக்கமில்லை. ஆனால் அன்று நடந்ததைப் பற்றிய பொய் ஒன்று பல்கலைக்கழகத்தைச் சுற்றி முடித்துவிட்டு, எங்கள் தெருமுனை முடிதிருத்தும் கடைவரை வந்துவிட்டது. கடைக்காரர் என் பிடரியில் கத்தியை வைத்துக்கொண்டு, "அது உங்க தம்பியா சார்?" என்று கேட்டார். குனிந்த தலையோடு அதற்குப் பதில் சொல்ல முடியவில்லை. அதனால் நிமிர்ந்து உட்கார்ந்து எழுதுகிறேன்.

நான் எடை அளவைத் துறையில் முப்பத்துநான்கு ஆண்டு ஆய்வாளனாக இருந்தவன். கடைகளின் தராசுகளைச் சோதித்து முத்திரை வைப்பது என் வேலை. கடைக்காரர் கையால் ஒரு வாய்த் தண்ணீர்கூட வாங்கிக் குடித்ததில்லை. தம்பி பல்கலைக்கழகத்தில் பொருள்களின் வலிமை என்ற பாடத்தை முப்பத்தொரு ஆண்டாக நடத்தியவன். ஓர் உத்திரம் எவ்வளவு பாரம் தாங்கும், எந்த இடத்தில் உடையும், ஏன் உடையும் என்பதுதான் அந்தப் பாடம். மாணவர்கள் அவனுக்கு வைத்த பெயர் உத்திரம் சார். அவனிடம் படித்தவர்கள் கட்டிய பாலங்களின்மேல் நான் போயிருக்கிறேன். மறுகரையில் இறங்கியும் இருக்கிறேன்.

எங்கள் அப்பா எங்களுக்கு விட்டுப்போன சொத்து ஒரு வாக்கியம். "பேச்சில் இருப்பதைக் கேட்டுக்கொள்; எழுத்தில் இருப்பதைச் செய்." நானும் தம்பியும் அதை மீறியதில்லை. வந்த வினை முழுவதும் அதிலிருந்துதான் வந்தது.

புதிய முறையின் தொடக்க விழாவுக்கு ஆசிரியர்களின் குடும்பத்தாரையும் அழைத்திருந்தார்கள். நான் மூன்றாவது வரிசையில் இருந்தேன். துணைவேந்தர் ஒலிவாங்கியைப் பிடித்து, "இன்றிலிருந்து இங்கே ஆசிரியர் என்று யாரும் இல்லை! எல்லோரும் கற்பவர்களே! நானும் ஒரு கற்பவன்தான்!" என்று முழங்கினார். நெடுநேரம் கைதட்டினார்கள். உடனே, வேறொரு திறப்புவிழா இருப்பதாகச் சொல்லி, முதல் பாடம் தொடங்குமுன்பே அந்தக் கற்பவர் புறப்பட்டுப் போய்விட்டார்.

அதோடு போயிருந்தால் அது பேச்சு. மறுநாள் அந்த உரையை அப்படியே அச்சடித்து, எண் போட்டு, முத்திரை வைத்துச் சுற்றறிக்கையாக அனுப்பிவிட்டார்கள். அது எழுத்தாகிவிட்டது.

அன்று மத்தியானம் தம்பி தொலைபேசியில் கூப்பிட்டான்.

"அண்ணா, அந்தத் தளத்துல பேரைப் பதியணுமாம். ரெண்டே ரெண்டு கட்டம்தான் இருக்கு. கற்பவர், நிர்வாகி. நான் எதுல வரேன்?"

"ஆசிரியர்னு ஒரு கட்டம் இல்லையா?"

"எடுத்துட்டாங்க. அது ஆதிக்கச் சொல்லாம்."

"மத்தவங்க என்ன பண்றாங்க?"

"கண்ணை மூடிட்டு நிர்வாகின்னு தட்டிட்டுப் போயிட்டே இருக்காங்க."

"சுற்றறிக்கையில என்ன போட்டிருக்கு?"

"எல்லாரும் கற்பவர்னு போட்டிருக்கு."

"அப்புறம் என்னடா கேள்வி? எழுத்துல இருக்கறதைச் செய்."

செய்தான். அந்தப் பல்கலைக்கழகத்தின் நானூற்றுப் பன்னிரண்டு ஆசிரியர்களில் துணைவேந்தரின் வார்த்தையை மதித்தவன் அவன் ஒருவன்தான். மதிக்கச் சொன்னவன் நான்.

பிறகு அவன் வகுப்பறையை மாற்றியமைத்தார்கள். முதலில் கரும்பலகை போயிற்று. அது இருந்த இடத்தில் சுவர் வெளிறிப்போய், பெரிய படம் ஒன்றைக் கழற்றிய வீடுபோல ஒரு செவ்வகம் தெரிந்தது. அடுத்து மேடையை இடித்தார்கள். வகுப்பறைக்கு முன்பக்கம் என்று ஒன்று இருப்பதே கற்பவர்களின் மனத்தைப் புண்படுத்துகிறதாம். பெஞ்சுகளுக்குப் பதிலாகக் காலில் சக்கரம் வைத்த நாற்காலிகள் வந்தன. கற்பவர் எந்தப் பக்கம் வேண்டுமானாலும் திரும்பலாம் என்பது நோக்கம். அந்த அறையின் தரை, கழுவும் தண்ணீர் வடிவதற்காக வடகிழக்கு மூலைக்குச் சற்றுச் சரிவாகப் போடப்பட்டது. அரைமணி நேரத்தில் முப்பத்தெட்டுக் கற்பவர்களும் அந்த மூலையில் போய்ச் சேர்ந்து நெருக்கிக்கொண்டு நின்றார்கள். தளத்தின் கேமரா அதைக் "குழுக் கற்றல், மிகச் சிறப்பு" என்று பதிவு செய்தது.

கடைசியாகக் கூரையில் ஒரு பெட்டி பொருத்தினார்கள். அதற்குக் குரல் அளவி என்று பெயர். ஒரு வகுப்பில் நடத்துகிறவரின் குரல் ஏழு நிமிடத்தைத் தாண்டினால் அதில் சிவப்பு விளக்கு எரியும். பயிற்சி நாளில் இயக்குநர் இதை விளக்கினாராம். தம்பி அவர் சொன்னதை ஒரு சொல் மாறாமல் என்னிடம் சொன்னான்.

"பாருங்க, மாணவர் ஒரு பக்கம். அறிவு இன்னொரு பக்கம். நடுவுல ஒருத்தர் நின்னு பேசிக்கிட்டே இருக்கார். அவர்தான் தடை. இந்தத் தடையை இத்தனை வருஷமா சம்பளம் குடுத்து வளர்த்திருக்கோம். இனிமே நகர்த்தப் போறோம்."

யாரோ ஓர் ஆசிரியர் எழுந்து, "சார், நீங்க எத்தனை வருஷம் பாடம் நடத்தியிருக்கீங்க?" என்று கேட்டிருக்கிறார்.

"ஒரு நாள்கூட இல்ல. அதனாலதான் என்னால இதைத் தெளிவா பார்க்க முடியுது" என்றாராம் இயக்குநர். பெருமையோடுதான் சொன்னாராம்.

தம்பி சட்டைப்பையில் இரண்டு சாக்பீஸ் எப்போதும் வைத்திருப்பான். எழுதப் பலகை இல்லாத நாளிலும் வைத்திருந்தான். ஒரு நாள் முறுக்கு விசையைப் பற்றிய பாடம். அவன் பாதி சொல்லி முடிப்பதற்குள் ஏழு நிமிடம் தாண்டிச் சிவப்பு விளக்கு எரிந்துவிட்டது. முன்வரிசைப் பெண் என்று ஒரு மாணவி. வரிசையே இல்லாமல் போனபிறகும் அவளுக்கு அந்தப் பெயர் நிலைத்துவிட்டது. அவள், "சார், அது சிவந்துடுச்சு, நீங்க வாயைத் திறக்காதீங்க. நாங்க கேக்கறோம், நீங்க தலையை மட்டும் ஆட்டுங்க" என்றிருக்கிறாள்.

தம்பி தலையாட்டவில்லை. ஒரு சாக்பீஸை எடுத்து இரண்டு கையாலும் வளைத்து உடைத்தான். உடைந்த முகம் நேராக இருந்தது. இன்னொன்றை எடுத்து, ஈரத்துணியைப் பிழிவதுபோல முறுக்கினான். அதுவும் உடைந்தது. ஆனால் இந்த முறை உடைந்த முகம் சாய்வாக, திருகினாற்போல இருந்தது. இரண்டையும் ஒவ்வொருவர் கையிலும் கொடுத்துப் பார்க்கச் சொன்னான். ஏன் இது நேர், ஏன் அது சாய்வு என்று முப்பத்தெட்டுப் பேரும் அடித்துப் பிடித்துப் பேசினார்கள். வளைத்தால் சாக்பீஸின் ஒரு பக்கம் நீளவாட்டில் இழுபடும், முறுக்கினால் அந்த இழுப்பு சாய்வாகப் போகும், இழுப்பைத் தாங்காத பொருள் இழுபட்ட திசைக்குக் குறுக்கே பிளக்கும் என்று அவர்களே கண்டுபிடித்துவிட்டார்கள். ஒருவர்கூடக் கைபேசியைத் தொடவில்லை.

அன்று மாலை தம்பிக்குத் தளத்திலிருந்து ஓர் எச்சரிக்கை வந்தது. "உங்கள் வகுப்பில் 38 கற்பவர்கள் பதினொரு நிமிடம் செயலற்று இருந்தனர். இந்த நேரத்தில் கற்றல் எதுவும் நிகழவில்லை."

பருவம் முடிந்ததும் தரப்பட்டியலைத் தளமே அச்சிட்டது. அறிவிப்புப் பலகையில் ஒட்டினார்கள். பொருள்களின் வலிமைப் பாடத்தில் நாற்பது பெயர்கள் இருந்தன. முப்பத்தெட்டு மாணவர்களுடைய பெயர்கள் நடுவில். முதல் இடத்தில் "மாதிரிக் கற்பவர் 01", தொண்ணூற்றெட்டு மதிப்பெண். நாற்பதாவது இடத்தில் என் தம்பியின் முழுப்பெயர், எங்கள் அப்பாவின் முதலெழுத்தோடு. நூற்றுக்கு நான்கு. அதன் எதிரே சிவப்பில் ஒரு சொல்: தோல்வி.

அந்த நான்கு மதிப்பெண், உள்ளே நுழைந்ததற்கு. மற்றதெல்லாம் ஒவ்வொரு பாடப் பக்கத்தின் அடியிலும் இருக்கும் "புரிந்தது" என்ற பொத்தானை அமுக்கினால் வரும். அந்தப் பக்கங்களை எழுதியவன் தம்பி. "நான் எழுதினதை நானே புரிஞ்சுதுன்னு எதுக்கு அமுக்கணும்?" என்று விட்டுவிட்டிருக்கிறான்.

பிரிவு எழுத்தர் அம்மாளிடம் போனான். நல்ல பெண்மணி. நாலு தடவை கணினியைத் தட்டிப் பார்த்திருக்கிறார்.

"சார், நீங்க கற்பவர்ல இருக்கீங்க. நிர்வாகியா மாத்தினா சரியாயிடும்."

"மாத்துங்கம்மா."

"தோத்தவங்களை நிர்வாகியா மாத்த அது விடாது சார்."

"சரி, ஜெயிக்க வைங்க."

"அதுக்கு நீங்க நிர்வாகியா இருக்கணும் சார்."

இதோடு இன்னொரு விதியும் சேர்ந்துகொண்டது. ஒரு பாடத்தில் தோற்றவர் அந்தப் பாடத்தை நடத்தக்கூடாது. நியாயமான விதிதான், முப்பது ஆண்டுக்கு முன் அதை எழுதிய குழுவில் என் தம்பியே இருந்தான். ஓய்வு பெற அவனுக்குப் பத்து மாதம் இருந்தது. அந்தச் சிவப்புச் சொல்லை அகற்றாவிட்டால் அவன் மறுபடி அந்த வகுப்பில் கால் வைக்க முடியாது. அந்தச் சொல்லோடுதான் வீட்டுக்கு வருவான்.

பிறகு கடிதம் வந்தது. அதை என்னிடம் கொண்டுவந்தவள் தம்பியின் மனைவி. எதற்கும் லேசில் கலங்காதவள்.

"அத்தான், உங்க தம்பிக்குப் படிக்கிற இடத்துல இருந்து லெட்டர் வந்திருக்கு. 'காப்பாளரை அழைத்து வரவும்'னு. பெத்தவங்க ரெண்டு பேரும் போய்ச் சேர்ந்துட்டாங்க. நீங்கதான் பெரியவங்க. நான் வேணும்னா போறேன், ஆனா பொண்டாட்டி காப்பாளர் ஆகமாட்டாளாம், கேட்டுட்டேன்."

"அவன் என்ன சொல்றான்?"

"சட்டைக்குப் பெட்டி போட்டுக்கிட்டிருக்கார். விசாரணைக்குக் கசங்கின சட்டையோட போனா அண்ணன் திட்டுவாருன்னு."

திட்டியிருப்பேன்தான்.

விசாரணை அறையிலும் சக்கர நாற்காலிகளே இருந்தன. நான் உட்கார்ந்ததும் அது பின்னால் நகர்ந்தது. உருளுகிற நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு மானத்தைப் பற்றிப் பேச முடியாது. கால் உள்ள நாற்காலி ஒன்று வேண்டும் என்றேன். எழுத்தர் அம்மாள் வெளியே போய், காவலாளியின் பிளாஸ்டிக் நாற்காலியைக் கொண்டுவந்தார். அதில் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தேன்.

எதிர்ச்சுவரில் ஒரு திரை. திரையில் முகமில்லாத ஒரு சாம்பல் நிற உருவம், தலையும் தோளும் மட்டும். அதன் கீழே "மாணவர் பிரதிநிதி: மாதிரிக் கற்பவர் 01" என்று எழுதியிருந்தது. அதன் பக்கத்தில் ஒரு பச்சைப் புள்ளி விட்டுவிட்டு எரிந்தது.

புல முதல்வர் ஆரம்பித்தார். அவர் இருபத்தாறு ஆண்டுக்கு முன் என் தம்பியிடம் இதே பாடம் படித்தவர். அதனால் அவர் தம்பியைப் பார்க்காமல் என்னைப் பார்த்துப் பேசினார்.

"பெரியவரே, வயசான காலத்துல சிரமம் குடுத்துட்டோம். இதைத் தண்டனையா எடுத்துக்காதீங்க. இது ஒரு கற்றல் அனுபவம்."

"யாருக்கு?"

அவர் இயக்குநரைப் பார்த்தார். இயக்குநர் தன் கைபேசியைப் பார்த்தார்.

"உங்களுக்குப் பாடம் சொல்லிக்குடுத்தவர் பேருக்கு எதிர்ல தோல்வின்னு ஒட்டியிருக்கீங்களே, கை கூசலையா?" என்று கேட்டேன்.

"நான் ஒட்டலைங்க ஐயா. ஊழியர் ஒட்டினார்."

"கையெழுத்து உங்களோடது."

"அதுவும் தானா விழுந்தது. இப்பல்லாம் என் கையெழுத்தை அதுவே போட்டுக்கும்."

இயக்குநர் தலை நிமிர்ந்தார். தடித்த சட்டம் போட்ட மூக்குக்கண்ணாடி. பேச்சில் ஒரு வழுவழுப்பு.

"ஐயா, உங்க உணர்வு புரியுது. ஆனா ஒரு விஷயம். இந்தத் தளத்துல யாரும் தோக்கவே முடியாதுன்னுதான் நாங்க வடிவமைச்சோம். பொத்தானை அமுக்கினா போதும், ஒரு குரங்கு உட்கார்ந்தாக்கூட ஜெயிச்சுடும். அப்படிப்பட்ட இடத்துல ஒருத்தர் தோத்திருக்கார்னா, அவர் எவ்வளவு பிடிவாதமா கத்துக்காம இருந்திருக்கணும்? அதைத்தான் நாம கவலையோட பார்க்கணும்."

"அவன்தான்யா அந்தப் பாடத்தை எழுதினது!"

"அது பழைய பார்வை. பாடத்தை யார் எழுதினாங்கங்கிறது முக்கியமில்ல. யார் அமுக்கினாங்கங்கிறதுதான் முக்கியம்."

எழுத்தர் அம்மாள் இதைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார்.

எனக்கு என் தொழில் ஞாபகம் வந்தது. ஒரு தராசைச் சோதிக்கப் போனால் முதலில் அதில் எடைக்கல் வைக்கக்கூடாது. வெறும் தட்டைப் பார்க்க வேண்டும். வெறும் தட்டிலேயே முள் நகர்ந்து நின்றால், அதன்மேல் எதை வைத்தும் பயனில்லை. இதைச் சொல்லிவிட்டுக் கம்பெனி ஆளிடம் கேட்டேன்.

"உங்க தராசுல வெறும் தட்டு என்ன காட்டும்? ஒண்ணுமே படிக்காத, ஒண்ணுமே தெரியாத, ஆளே இல்லாத ஒரு பேரைப் பதிஞ்சா எவ்வளவு மதிப்பெண் வரும்?"

அவர் இளைஞர். கள்ளம் தெரியாதவர். முகம் மலர்ந்துவிட்டது.

"அது எங்ககிட்டயே இருக்கு சார்!" என்று திரையைக் காட்டினார். "இவர்தான். தொடக்க விழாவுல காட்டறதுக்காக நாங்க செஞ்ச கணக்கு. ஆள் கிடையாது. எல்லாப் பக்கத்தையும் தானா திறந்து தானா அமுக்கும். தொண்ணூத்தெட்டு."

"விழாதான் முடிஞ்சுபோச்சே, ஏன் இன்னும் வச்சிருக்கீங்க?"

"எடுத்தா சராசரி இறங்கிடும் சார்."

"மீதி ரெண்டு மதிப்பெண் எங்க போச்சு?"

"வருகைப் பதிவுக்கு முகம் காட்டணும் சார். அதுக்கு முகம் இல்ல."

நான் புல முதல்வரைப் பார்த்தேன். அவர் மேசையில் இல்லாத ஒரு தூசியைத் துடைத்துக்கொண்டிருந்தார். இயக்குநர் மட்டும் கொஞ்சமும் அசையவில்லை.

"பார்த்தீங்களா? ஆளே இல்லாதவர் தொண்ணூத்தெட்டு வாங்கறார். ஆளா இருக்கறவர் நாலு வாங்கறார். குறை எங்கே இருக்கு, நீங்களே சொல்லுங்க" என்றார்.

பிறகு ஒரு படிவத்தை என் முன்னால் நகர்த்தினார்கள். கற்பவர் குறைதீர் மனு. புல முதல்வர் குரலைத் தாழ்த்தி விளக்கினார். மாணவர் தோற்றதற்குத் தன் ஆசிரியர்தான் காரணம் என்று புகார் எழுதிக் கொடுத்தால், கற்பவர் மையக் கொள்கைப்படி அந்த நிமிடமே தேர்ச்சி கொடுத்துவிடலாம். அறிவிப்புப் பலகையிலிருந்து சிவப்புச் சொல் போய்விடும். ஆவணத்திலிருந்தும் போய்விடும்.

"ஆசிரியருக்கு என்ன ஆகும்?" என்று தம்பி கேட்டான்.

"வழக்கமானதுதான் சார். கற்பவரைத் தோக்கவிட்டவர்னு ஒரு பதிவு. வகுப்பை எடுத்துட்டுத் தளத்துக்கே குடுத்துடுவோம். அவ்வளவுதான்."

"அந்த ஆசிரியர் நான்தானே?"

"கற்பவராத்தானே சார் நீங்க இங்க வந்திருக்கீங்க? அதை ஏன் குழப்பிக்கறீங்க?" என்றார் இயக்குநர்.

படிவத்தின் அடியில் இரண்டு கோடுகள். ஒன்று கற்பவருக்கு. ஒன்று காப்பாளருக்கு. மேலே வாசகம் தயாராக அச்சாகியிருந்தது: "எனக்குக் கற்பித்தவர் திறமையற்றவர் என்று உறுதி கூறுகிறேன்."

நடந்ததை நடந்தபடி எழுதுவதாகச் சொல்லிவிட்டேன். ஆகவே இதையும் எழுதுகிறேன். நான் பேனாவை எடுத்தேன். மூடியைக் கழற்றினேன். எங்கள் வீட்டில் எவர் பெயருக்கு எதிரிலும் அந்தச் சொல் விழுந்ததில்லை. அப்பாவின் முதலெழுத்து அந்தப் பலகையில் தொங்குவதை வரும்போது பார்த்துவிட்டுத்தான் வந்திருந்தேன். யாரோ அதன் பக்கத்தில் பென்சிலால் ஓர் உத்திரம் வரைந்து, அது நடுவில் உடைவதுபோல் போட்டிருந்தார்கள். அதை அகற்ற ஒரு கையெழுத்துப் போதும் என்கிறார்கள். தப்பான கட்டத்தைத் தட்டச் சொன்னவனும் நான். என் கை படிவத்தின்மேல் இருந்தது.

"அண்ணா, ஒரு நிமிஷம்" என்றான் தம்பி.

சட்டைப்பையிலிருந்து ஒரு சாக்பீஸை எடுத்தான். நிதானமாக முறுக்கினான். டக்கென்று உடைந்தது. இரண்டு துண்டுகளையும் மேசைமேல், உடைந்த முகம் அவர்கள் பக்கம் தெரியும்படி வைத்தான்.

"இது ஏன் சாய்வா உடைஞ்சிருக்குன்னு இந்த ரூம்ல யாராவது சொல்லுங்க. அண்ணா, நீங்க சொல்லக்கூடாது. யாராவது ஒருத்தர் சொன்னாப் போதும், நான் கையெழுத்துப் போட்டுடறேன். ஆசிரியர் திறமையத்தவர்னு எழுதிக் குடுத்துட்டுப் போயிடறேன்."

அவன் புல முதல்வரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

புல முதல்வருக்குப் பதில் தெரியும். அவர் உதடு அசைந்ததை நான் பார்த்தேன். இருபத்தாறு ஆண்டுக்கு முன் அவரும் அந்தச் சாய்ந்த முகத்தைக் கையில் வாங்கி உருட்டிப் பார்த்தவர்தானே. அவர் இயக்குநரை ஒருமுறை பார்த்தார். உதட்டை மூடிக்கொண்டார். என் தம்பியிடம் படித்த ஒருவர் தெரிந்த பதிலைச் சொல்லாமல் இருந்ததை அன்றுதான் பார்த்தேன்.

கம்பெனி ஆள் கணினியைத் தட்டினார். "இந்தக் கேள்வி தளத்துல இருக்கு சார்! நாலாம் பிரிவு, பதினேழாவது. மாதிரிக் கற்பவர் சரியா போட்டிருக்கார்!"

"என்ன பதில்?"

"ஆ."

"ஆன்னா?"

"அ, ஆ, இ, ஈ... நாலு விடையில ரெண்டாவது. அவர் எப்பவும் ரெண்டாவதைத்தான் தட்டுவார்."

இயக்குநர் மேசையைப் பார்த்து முகம் சுளித்தார். "தூள் கொட்டுது. அம்மா, இதைத் துடைச்சு எடுங்க. கற்றல் சூழலை அசுத்தம் பண்ணினதாவும் பதிவு செஞ்சுக்கோங்க. சார், உங்களுக்கு இது கடைசி வருஷம். முறுக்கிக்காதீங்க. வளைஞ்சு குடுங்க."

நான் பேனாவை மூடினேன். கூட்டம் கலைந்தது.

தம்பி தோற்றவனாகவே நின்றான். விதிப்படி, தோற்ற பாடத்தை மறுபடி படிக்க வேண்டும். அவனுக்குச் சக கற்பவர் வழிகாட்டி ஒருவரை நியமித்துக் கடிதம் வந்தது. வழிகாட்டி, மாதிரிக் கற்பவர் 01. "ஐயம் இருந்தால் தயங்காமல் அவரிடம் கேட்கவும்."

வகுப்பு நடத்தத் தடை. ஆனால் வகுப்பில் உட்காரத் தடையில்லை, உட்காராவிட்டால்தான் தப்பு. எனவே அந்தப் பத்து மாதமும் அவன் புதிய மாணவர்களோடு ஒரு சக்கர நாற்காலியில் உட்கார்ந்து, அவர்களோடு சேர்ந்து வடகிழக்கு மூலைக்கு உருண்டு போய், அங்கிருந்து பேசினான். முழு ஒரு மணி நேரமும் பேசினான். கூரையில் சிவப்பு விளக்கு எரியவில்லை. அவன் குரல் கற்பவர் குரலாகத்தான் பதிவாகியிருந்தது. மேல்வகுப்புக்குப் போய்விட்ட முன்வரிசைப் பெண் தன் வகுப்பை விட்டுவிட்டு அந்த மூலையில் வந்து உட்கார்வாளாம். அதைப் பற்றி ஒரு மகிழ்ச்சி எங்கள் வீட்டில் நான்கைந்து மாதம் இருந்தது.

பிறகு ஆண்டறிக்கை வந்தது. முதல் பக்கத்திலேயே தம்பியின் படம். மூலையில் மாணவர்களுக்கு நடுவே வாய் திறந்து பேசிக்கொண்டிருக்கிறான். மேலே பெரிய எழுத்தில், "கற்றலுக்கு வயதில்லை: ஆசிரியரே இல்லாத வகுப்பில் 59 வயது மாணவரின் வேட்கை." கீழே இயக்குநரின் கட்டுரை. இந்தப் பாடத்தில் கற்பவர்கள் முன்னெப்போதையும்விட நன்றாகப் புரிந்துகொண்டிருப்பதாகவும், ஆசிரியரை அகற்றியதே அதற்குக் காரணம் என்றும் புள்ளிவிவரத்தோடு நிறுவியிருந்தார். அதற்காக அவருக்குப் பதவி உயர்வு கிடைத்தது.

தம்பியின் கடைசி நாளில் பிரிவுபசாரம் நடக்கவில்லை. கற்பவருக்குப் பணி ஓய்வு என்பது கிடையாது என்று விளக்கம் சொன்னார்கள். மறுநாளிலிருந்து அவன் வராததால், தளம் அவன் பெயருக்கு எதிரே இருந்த "தோல்வி" என்ற சொல்லை அழித்துவிட்டு, "படிப்பைப் பாதியில் விட்டவர்" என்று போட்டது. அந்த ஆண்டுப் பட்டமளிப்பில் பொருள்களின் வலிமைக்கான தங்கப் பதக்கம் மாதிரிக் கற்பவருக்கு அறிவிக்கப்பட்டது. கம்பெனி ஆள் மேடையேறி வாங்கிக்கொண்டார். துணைவேந்தர் எழுந்து நின்று கைதட்டினாராம்.

இனி அந்தப் பொய்.

விசாரணை முடிகிற நேரத்தில் என் தம்பி ஆத்திரம் தாங்காமல் உடைந்த சாக்பீஸை எடுத்து இயக்குநர்மேல் விட்டெறிந்தான், அது அவருடைய மூக்குக்கண்ணாடியில் பட்டது என்று எல்லோரும் சொல்கிறார்கள். குறிப்பேட்டிலும் "கற்பவர் பொருளை எறிந்தார்" என்றுதான் இருக்கிறது. எழுத்தர் அம்மாளை நான் நேரில் போய்க் கேட்டேன். "தெரியும் சார். ஆனா நடத்தைக் குறைன்னு போட்டா அது கற்பவர் பேரைத்தான் கேக்குது. வேற யாருக்கும் கட்டம் இல்ல" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். கேட்டவர்களிடம் தம்பியும் மறுத்ததில்லை. "விடுங்க அண்ணா. தோத்தவன்னு ஆயாச்சு. இதையும் என் பேர்லயே எழுதிக்கட்டும். உங்க பேர் எதுக்கு?" என்கிறான்.

முடிதிருத்துகிறவர் உட்பட எல்லோருக்கும் சொல்கிறேன். என் தம்பி வாழ்நாளில் யார்மீதும் எதையும் எறிந்தவன் அல்லன். அவன் துண்டுகளை மேசைமேல் வைத்தான். வைத்த இடத்திலேயே விட்டுவிட்டு எழுந்தான். எறிந்தவன் நான். துண்டின் எடை மூன்று கிராமுக்கு மேல் இராது. மூக்குக்கண்ணாடியில் படவில்லை. நெற்றியில் பட்டது.